ஒரே வாணலி... ஒரு மணி நேரம்... இறால் பாஸ்தா ரெடி! ஸ்பெயின் மீனவர்களின் ‘ஃபிதேவா’ நம்ம வீட்டுச் சேமியாவில்!

ஞாயிற்றுக்கிழமை மீன் எடுத்தால் உங்கள் வீட்டில் எத்தனை பாத்திரம் விழும்? எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் எண்ணினேன். குழம்புக்கு மண்சட்டி, வறுவலுக்குத் தோசைக்கல், சோற்றுப்பானை, ரசப் பாத்திரம், மசாலா பிசைந்த தட்டு, மீன் அலசிய சட்டி, மிக்ஸி ஜார் இரண்டு, கரண்டிகள், மூடிகள், ஐந்து பேர் சாப்பிட்ட தட்டுகள். மொத்தம் 23. இத்தனை வருடமாக அதை எண்ணாமல் இருந்ததற்குக் காரணம், கழுவியது நானில்லை. அம்மா.

ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. முதல் ஞாயிறு வீட்டில் மீன் இல்லை. “ஹோட்டல்ல சொல்லிக்கலாம்” என்றார் அப்பா. ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிறு அன்று வீட்டில் மீன் வாசனை இல்லையென்றால் அவருக்கு அது ஞாயிறே இல்லை.

அந்த வாரம்தான் அலுவலகத்தில், “ஒரே பாத்திரத்தில் செய்யும் பாஸ்தா பற்றி ஒரு கட்டுரை வேண்டும்” என்றார்கள். சரி, எழுதுவதற்கு முன் சமைத்தே பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

முதல் முயற்சி: ரப்பர் இறால்!

ஒரே பாத்திர பாஸ்தா என்பது சில வருடங்களாகவே இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். அமெரிக்காவின் பிரபல சமையல் நிபுணர் மார்த்தா ஸ்டூவர்ட்டின் பத்திரிகையில் 2013-ல் வந்த ஒரு குறிப்புதான் இதை உலகம் முழுக்கப் பரப்பியது. பாஸ்தா, தக்காளி, வெங்காயம், பூண்டு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட வேண்டியதுதான். பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவுச்சத்தே தண்ணீரைக் கெட்டியாக்கி சாஸாக மாற்றிவிடும்.

நானும் அதேபோல கால் கிலோ மக்ரோனி, அரை கிலோ இறால், தக்காளி, பூண்டு என்று ஒரே நேரத்தில் போட்டு மூடினேன். 15 நிமிடம் கழித்துத் திறந்தால் மக்ரோனி அடியில் பிடித்திருந்தது. இறால் சுருண்டு, ரப்பர் பொத்தான்போல ஆகியிருந்தது. தம்பி ஒன்றை எடுத்துத் தரையில் போட்டு, “துள்ளுதான்னு பாக்குறேன்” என்றான்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டு முடித்தார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஆச்சி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். “ஏட்டி, றாலுக்கு மூணு நிமிசம் போதும். இதுக்கு என்னமோ ஆட்டுக்கால் சூப்பு மாதிரி வேக வச்சிருக்க. பேசாம சேமியா உப்புமால போட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.”

ஆச்சி கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால், அப்படி ஒரு சாப்பாடு உண்மையிலேயே இருக்கிறது. அதுவும் மீனவர்களின் சாப்பாடு!

கப்பலில் பிறந்த சேமியா

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், மத்தியத் தரைக்கடலை ஒட்டி இருக்கிறது வலென்சியா மாகாணம். அங்கே ‘காந்தியா’ என்று ஒரு துறைமுக ஊர். (பெயரைக் கேட்டால் நம்ம காந்திதான் நினைவுக்கு வருவார். ஆனால், தொடர்பு எதுவும் இல்லை.) அந்த ஊரின் பெருமையே ‘ஃபிதேவா’ என்ற உணவுதான். அகலமான, ஆழமில்லாத இரும்பு வாணலியில், மீன் சாறு ஊற்றி, இறால், மீன் எல்லாம் சேர்த்துச் சமைக்கும் குட்டைச் சேமியா.

அது பிறந்த கதை சுவாரஸ்யமானது. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு, காந்தியாவிலிருந்து கடலுக்குப் போன ஒரு மீன்பிடிப் படகில் கேப்ரியல் ரோட்ரிகஸ் பாஸ்டர் என்பவர் சமையல் வேலை பார்த்தார். படகில் தினமும் மீன் சாற்றில் வேகவைத்த சோறுதான் சாப்பாடு. படகின் தலைவருக்கு அந்தச் சோறு என்றால் உயிர். அவர் ஆசைதீரச் சாப்பிட்ட பிறகு மற்றவர்களுக்குக் குறைவாகவே மிஞ்சுமாம். ‘அரிசிக்குப் பதில் சேமியா போட்டால் தலைவர் கொஞ்சமாகச் சாப்பிடுவார், எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்’ என்று சமையல்காரர் கணக்குப் போட்டார். ஆனால், சேமியா அரிசியைவிட ருசியாக அமைந்துவிட்டது! கணக்கு தப்பினாலும் ஊருக்கு ஒரு புது உணவு கிடைத்தது. காந்தியாவில் இன்றும் சொல்லப்படும் கதை இது.

கரைக்கு வந்த அந்த உணவு துறைமுகத்து உணவகங்களில் பரவி, பிறகு ஸ்பெயின் முழுக்கப் புகழ் பெற்றது. 1970-களிலிருந்து காந்தியாவில் இதற்கென்றே சமையல் போட்டி நடத்துகிறார்கள்.

இன்னொரு விஷயம். ‘பயேயா’ என்ற ஸ்பெயின் சோற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வலென்சியா மொழியில் ‘பயேயா’ என்றாலே வாணலி என்றுதான் அர்த்தம். பாத்திரத்தின் பெயரே சாப்பாட்டுக்கும் வந்துவிட்டது. அந்த வாணலியை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு ஸ்பூனால் நேராக எடுத்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

அதாவது, தட்டுகூடக் கழுவ வேண்டாம்!

சேமியாவும் பாஸ்தாவா?

ஆமாம். பாஸ்தா என்பது கோதுமை ரவை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அச்சில் பிழிந்து உலர்த்துவது. நம்ம சேமியாவும் அதே குடும்பம்தான். ஸ்பெயினில் சேமியாவை ‘ஃபிதேயோ’ என்கிறார்கள். அந்தச் சொல் அரபு மொழியிலிருந்து அங்கே போனது என்பார்கள். காந்தியாவில் ஃபிதேவாவுக்குப் பயன்படுத்துவது, நடுவில் துளை உள்ள, சற்றுத் தடிமனான குட்டைச் சேமியா.

நம் கடைகளில் வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். கோதுமை ரவையில் செய்த சேமியா குழையாமல் நிற்கும். மைதாவில் செய்தது சீக்கிரம் கூழாகிவிடும். கிடைப்பதில் தடிமனானதை எடுங்கள். இடியாப்பம்போல மெல்லியதாக இருப்பது இதற்குச் சரிவராது.

வீட்டில் ஸ்பெகட்டி இருக்கிறதா? துணியில் சுற்றி, ஒரு விரல்கணு நீளத்துக்கு உடைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அருமையாக வரும்.

இறால் வாங்கும்போது...

இந்தச் சாப்பாட்டின் ருசி முழுவதும் இறால் தலையில் இருக்கிறது. எனவே, உரித்த இறால் வேண்டாம். தலையோடு, ஓட்டோடு வாங்குங்கள். கடையிலேயே சுத்தம் செய்து தரச் சொன்னாலும், “தலையையும் ஓட்டையும் தனியா கட்டிக் குடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரை கிலோ வாங்கினால், உரித்த பிறகு ஏறக்குறைய பாதிதான் சதை தேறும். மீதியைக் குப்பையில் போடுவது, காசைக் குப்பையில் போடுவது மாதிரி.

* தலை உடம்போடு உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். தொட்டதும் கழன்று விழுந்தால் பழசு.
* ஓடு பளபளப்பாக இருக்க வேண்டும். தலையில் கறுத்திருந்தால் வேண்டாம்.
* கடல் வாசனை இருக்கலாம். மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கக் கூடாது.
* கணவாய் (சென்னையில் கடம்பா) வாங்கினால் சதை வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் நாள்பட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தமிழகத்தின் கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வரும் மீன் மட்டும் கிடைக்கும், விலையும் ஏறும். அந்த நாள்களில் பண்ணையில் வளர்க்கும் வனாமி இறால் கைகொடுக்கும். இந்தச் சமையலுக்கு அது தாராளமாகப் போதும்.

தேவையானவை (4 பேருக்கு)

* தடிமனான சேமியா - 250 கிராம்
* தலையோடு இறால் - 500 கிராம்
* கணவாய் - 200 கிராம் (வளையமாக நறுக்கியது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை)
* நன்கு பழுத்த தக்காளி - 2
* பூண்டு - 8 பல்
* பெரிய வெங்காயம் - 1
* காஷ்மீரி மிளகாய்த்தூள் - ஒன்றரை டீஸ்பூன்
* குங்குமப்பூ - ஒரு சிட்டிகை (இல்லையெனில் மஞ்சள்தூள் கால் டீஸ்பூன்)
* எண்ணெய் - 5 டேபிள்ஸ்பூன் (அங்கே ஆலிவ் எண்ணெய்; நாங்கள் கடலை எண்ணெயில் செய்தோம்)
* எலுமிச்சை - 1
* உப்பு - தேவைக்கு

மிளகாய்த்தூள் விஷயத்தில் ஒரு குறிப்பு. ஸ்பெயினில் காரமில்லாத சிவப்பு மிளகாய்ப் பொடியைப் போடுவார்கள். நிறமும் மணமும்தான் முக்கியம். அதனால்தான் காஷ்மீரி மிளகாய். காரம் வேண்டுமென்றால் அரை டீஸ்பூன் சாதாரணத் தூள் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த வாணலி?

அடி தட்டையாக, அகலமாக, அடி கனமாக இருக்க வேண்டும். ஒரு முழம் அளவு அகலம் எல்லாம் தேவையில்லை. 28 முதல் 30 செ.மீ. போதும். சேமியா ஒரு விரல் கனத்துக்குமேல் நிற்கக் கூடாது. குழிவான இரும்புச் சட்டியில் செய்தால் நடுவில் குவிந்து கூழாகிவிடும். அதுதான் இருக்கிறதென்றால், பாதி அளவு மட்டும் செய்யுங்கள்.

செய்முறை

1. சேமியாவை வறுங்கள். வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் சேமியாவைப் பொன்னிறமாக வறுத்துத் தட்டில் கொட்டுங்கள். 4, 5 நிமிடம் ஆகும். ‘வறுத்தது’ என்று போட்டிருக்கும் பாக்கெட்டாக இருந்தாலும் 2 நிமிடம் வறுப்பது நல்லது. வறுத்த சேமியாதான் குழையாது. அந்த வாசனைதான் பாதி ருசி.

2. தலைச் சாறு எடுங்கள். அதே வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, இறால் தலையையும் ஓட்டையும் போட்டு, சிவக்கும் வரை 4 நிமிடம் வதக்குங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் தலைகளை நன்றாக நசுக்குங்கள். பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு சொம்பில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 700 மி.லி. சாறு நிற்க வேண்டும். குறைந்தால் வெந்நீர் சேருங்கள். உப்பு போட்டு ருசி பாருங்கள். சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும், சேமியா இழுத்துக்கொள்ளும். குங்குமப்பூவையும் இதிலேயே போட்டுவிடுங்கள்.

3. இறாலைக் காட்டி எடுங்கள். வாணலியைத் துடைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயைச் சூடாக்கி, உப்பு தடவிய இறாலைப் பரப்புங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம். உள்ளே இன்னும் வேகாமல்தான் இருக்கும், இருக்கட்டும். எடுத்துத் தட்டில் வையுங்கள். கணவாயையும் அப்படியே ஒன்றரை நிமிடம் புரட்டி எடுத்துவிடுங்கள்.

4. தொக்கு. மீதி எண்ணெய் விட்டு, மீதி வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்குங்கள். பொடியாக நறுக்கிய பூண்டு, பிறகு துருவிய தக்காளி. எண்ணெய் பிரியும் வரை விடுங்கள். தீயைக் குறைத்து மிளகாய்த்தூள் போட்டு ஒரு கிளறு. உடனே அடுத்த வேலைக்குப் போங்கள். தூள் கருகினால் கசந்துவிடும்.

5. சேமியாவைச் சேருங்கள். வறுத்த சேமியாவைக் கொட்டி, தொக்கு எல்லா இடத்திலும் படும்படி பிரட்டி, சமமாகப் பரப்புங்கள். சாற்றை மறுபடி சூடாக்கி ஊற்றுங்கள்.

6. இனிமேல் கிளறக் கூடாது! இதுதான் நமக்குக் கஷ்டமான இடம். கை கரண்டியைத் தேடும். வேண்டாம். மூடியும் வேண்டாம். நடுத்தரத் தீயில் 4 நிமிடம், சிறு தீயில் 3 நிமிடம். அடுப்பின் தீ ஒரு பக்கமாக எரிந்தால் வாணலியை மட்டும் திருப்பி வையுங்கள்.

7. இறாலை மேலே அடுக்குங்கள். சாறு ஏறக்குறைய வற்றியதும் இறாலையும் கணவாயையும் மேலே அடுக்கி 2 நிமிடம் விடுங்கள். அடியிலிருந்து ‘சடசட’ என்று மெல்லிய சத்தம் வரும். அப்போது அடுப்பை அணைத்து, சுத்தமான துணியால் மூடி 5 நிமிடம் விட்டுவிடுங்கள்.

எலுமிச்சையைப் பிழிந்து, வாணலியோடு நடுவில் வையுங்கள்.

அந்தச் சத்தம் எதற்கு?

சாறு வற்றிய பிறகு அடிச் சேமியா எண்ணெயில் முறுகும் சத்தம் அது. ஸ்பெயினில் இந்த முறுகலை ‘சொக்கராத்’ என்பார்கள். அடியில் ஒட்டிய இதைச் சுரண்டிச் சாப்பிடுவதற்கு அங்கே போட்டியே நடக்கும். நமக்கும் இது தெரிந்ததுதானே? பிரியாணிச் சட்டி அடியிலும், பால்பாத்திரத்து அடியிலும் கிடைக்கும் காந்தல்! ஆனால், பழுப்பு நிறத்தில் நிறுத்த வேண்டும். கருகல் வாசனை வந்தால் தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள்.

இறாலின் கணக்கு

பச்சை இறால் சாம்பல் நிறம். சூடு பட்டதும் எப்படிச் சிவக்கிறது? இறாலில் ஆரஞ்சுச் சிவப்பான ஒரு நிறமி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து நிறத்தை மறைத்து வைத்திருக்கிறது. சூட்டில் அந்தப் புரதம் பிடியை விட்டதும் சிவப்பு வெளியே தெரிகிறது. சிவந்து, வளைந்து, பாதி வட்டமாக நிற்கும்போது இறால் பதம். முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் முடிந்தது கதை. அது என் முதல் முயற்சி!

கணவாய்க்கு இன்னும் கறாரான கணக்கு. 2, 3 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். தவறவிட்டால் ரப்பராகும். மறுபடி மென்மையாக அரை மணி நேரத்துக்குமேல் வேக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்தினாலும் தாடை வலிக்கும்.

நான் செய்த தவறு இப்போது புரிகிறதா? எல்லாவற்றையும் ஒரே வாணலியில் செய்யலாம். ஆனால், ஒரே நேரத்தில் போடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம் இருக்கிறது.

தொட்டுக்கொள்ள...

ஃபிதேவாவுக்கு ‘அயோலி’ வைப்பார்கள். பூண்டையும் உப்பையும் உரலில் நைய இடித்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுச் சுற்றிச் சுற்றி இடித்தால், வெண்ணெய்போலத் திரண்டு வரும். பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கெட்டித் தயிரில் நசுக்கிய பூண்டு, உப்பு, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் கலந்துகொள்ளலாம். அசல் அல்ல, ஆனால் நன்றாக இருக்கும். “மீனோட தயிரா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கண்ணை உருட்டினால், விடுங்கள், எலுமிச்சையே போதும்.

கேட்க நினைப்பீர்கள்...

மக்ரோனியில் செய்யலாமா? செய்யலாம். 250 கிராமுக்கு 900 மி.லி. சாறு, 12 நிமிடம். மக்ரோனியை மட்டும் அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

மீன் போடலாமா? முள் குறைந்த, சதை கெட்டியான மீன் போடலாம். வஞ்சிரம், கொடுவா போன்றவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கடைசி 5 நிமிடத்தில் சேமியா மேல் வையுங்கள். மத்தி, நெத்திலி உடைந்துவிடும்.

மட்டி கிடைத்தால்? மணல் போக உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, கடைசி 5 நிமிடத்தில் புதைத்து வையுங்கள். வெந்த பிறகும் வாய் திறக்காத சிப்பியை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

ஃப்ரீசர் இறால் பரவாயில்லையா? பரவாயில்லை. முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பனி விட விடுங்கள். வெந்நீரில் போடாதீர்கள். பிறகு துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈர இறால் வாணலியில் வதங்காது, வெந்துவிடும்.

மிஞ்சினால்? இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? இறால், கணவாய், மட்டி சிலருக்கு ஒவ்வாமை தரும். முதல் முறை என்றால் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். உதடு வீங்குவது, உடம்பில் தடிப்பு, மூச்சு வாங்குவது என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே இறால் ஒவ்வாமை உள்ளவர்கள், இறாலை ஒதுக்கிவிட்டுச் சேமியாவை மட்டும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். சாறு முழுக்க அதுதான்! வேகவைப்பதால் ஒவ்வாமை போய்விடாது.

சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால்? தனி வாணலியில், காளான் வதக்கிய சாற்றில் இதே முறையில் செய்யலாம்.

இரண்டாவது ஞாயிறு

இந்த முறை நான் தனியாகச் செய்யவில்லை. அப்பா இறால் உரித்தார். முதல் பத்து இறாலுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து, “இது எவ்ளோ நேர வேலைன்னு இப்பத்தான் தெரியுது” என்று அவரே சொன்னார். முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை எடுக்க அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தார். தம்பி தக்காளி துருவினான். ஆச்சி அடுப்புக்குப் பக்கத்தில் காவல்.

சாறு ஊற்றியதும் எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. “அடி புடிக்கும் ட்டி, ஒரு கிண்டு கிண்டு” என்றார் ஆச்சி. “கிண்டக் கூடாது ஆச்சி” என்று வாணலிக்கு முன்னால் அரணாக நின்றேன். “ஸ்பெயின்காரன் சொல்லிட்டானாக்கும்” என்று முணுமுணுத்தார். சடசட சத்தம் கேட்டதும் மட்டும், “இது காந்தல் சத்தம். அணைச்சிரு” என்று முதலில் சொன்னது அவர்தான். அறுபது வருடம் அடுப்போடு இருந்த காது அது.

வாணலியைக் கூடத்தில் பாயில் வைத்தோம். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தோம். ஐந்து ஸ்பூன். ஆவி பறந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு ஆச்சி அம்மாவைப் பார்த்து, “ராஜி, மீன் எடுத்த அன்னைக்கு நீ எங்களோட உக்காந்து சூடா சாப்பிடுதத இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வறுவல் சூடாக இருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொடுத்துவிட்டு, கடைசியில் ஆறிப்போன குழம்போடு தனியாக உட்காருவது அம்மாவின் வழக்கம். ஞாயிறுதோறும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

“அத்தை, நீங்க வேற...” என்று அம்மா பேச்சை மாற்றினார். “அந்த ஓரத்துக் காந்தலைச் சுரண்டு. தம்பி முழுசையும் எடுத்துருவான்.”

அன்று கழுவ வேண்டியவை: ஒரு வாணலி, ஒரு சொம்பு, ஒரு வடிகட்டி, இரண்டு தட்டு, துருவி, கத்தி, கரண்டி, ஐந்து ஸ்பூன். அப்பா கழுவினார். வாணலி அடியில் ஒட்டியதை வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்தால் தானாக வந்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அம்மா அதை இருபத்தைந்து வருடமாகச் செய்கிறார் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது அம்மாவின் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மண்சட்டி மீன் குழம்பு திரும்ப வந்துவிட்டது. அதை விட்டுக்கொடுக்க எங்கள் வீட்டில் யாரும் தயாரில்லை. ஆனால், மாதத்தின் கடைசி ஞாயிறு இரவு வாணலி நாள் என்று முடிவாகியிருக்கிறது. அன்று அம்மா அடுப்படிக்கு வருவது ஒரே ஒரு வேலைக்குத்தான். உப்பு பார்க்க.

இந்த ஞாயிறு நீங்களும் முயன்று பாருங்கள். ஆனால், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: வாணலியைக் கழுவப் போவது யார்?